சேவலுக்கு நோட்டீஸில் இடமில்லை

1

இந்த நாட்டில் எல்லோரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் சொன்னார்: "குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் கெடக்கு தம்பி. வெறுமனே விட்டா ஏத்துக்கிற மாட்டேங்குது. அப்பா பேரப் போட்டு விட்ருவோம்." போட்டு விட்டார். இங்கிலாந்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து அருள் என்கிற என் பெயரை யாரும் தேடவில்லை. பல்கலைக்கழக அட்டை, நூலக அட்டை, மருத்துவமனைக் கடிதம், மின்கட்டண உறை எல்லாவற்றிலும் மிஸ்டர் போட்டு அப்பா பெயர். என் அப்பா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கத்தான். அங்கே அவர் கைநாட்டு வைத்தார். இங்கே அவர் மிஸ்டர்.

வங்கிக் கணக்குத் திறக்கப் போனபோது அந்தப் பெண் கேட்டாள், உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன என்று. அம்மாவின் பாஸ்போர்ட் அல்ல, ரேஷன் கார்டு நகல்தான் என்னிடம் இருந்தது. அதில் அம்மா பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அது என் தாத்தாவின் முதல் எழுத்து என்றேன். "அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர் எது?" எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். வரும் வழியில் எங்கோ தொலைத்துவிட்டு வந்தவனைப் போல என்னைப் பார்த்தாள். கணக்குத் திறக்க மூன்று வாரம் ஆனது. கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்பாவின் பெயரை இங்கே இன்னும் எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை பொறுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை பிலோ வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பினாள். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் என்னால் பாடப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

2

எங்கள் ஊர் வடமதுரைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை, அங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் வம்பு.

கத்தோலிக்க ஊர். தவக்காலம் வந்துவிட்டால் ஊருக்கு ஒரே வேலைதான், பாஸ்கா. இயேசு பட்ட பாடுகளை மேடை கட்டி நாடகமாக நடத்துவது. பெரிய வெள்ளி முடிந்து ஈஸ்டருக்கு மறு வாரம் நடக்கும். கோயில் மைதானத்தில் மணல் கொட்டி, சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பாயோடு வந்து உட்காருவார்கள். கொடைரோட்டிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் கோயிலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. மேற்கே இருப்பவர்கள் ஒரு சாதி, கிழக்கே இருக்கும் நாங்கள் தலித்துகள். ஒரே பூசை, ஒரே சாமியார், ஒரே நற்கருணை. உட்காரும்போது மட்டும் மேற்குத் தெரு வலது பக்கம், கிழக்குத் தெரு இடது பக்கம். எழுதி ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய அவசியமில்லாமலே நடக்கிறது.

பாஸ்காவிலும் அப்படித்தான். இயேசு, மாதா, பன்னிரண்டு சீடர்கள், பிலாத்து எல்லோரும் மேற்கு. எங்கள் தெருவுக்குக் கிடைப்பது ஈட்டி பிடிக்கும் சேவகர்கள், சாட்டையால் அடிப்பவர்கள், இடது பக்கத்துக் கள்ளன். இயேசுவை அடிக்கிற வேலையை எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்காக எங்களைப் பார்த்து அழுதுகொண்டே திட்டுகிற ஊர் அது.

என் அப்பா நூல் மில்லில் மூட்டை ஏற்றுகிறார். பாஸ்காவில் அவருக்குச் சேவகன் வேடம்கூடக் கிடையாது. திரை இழுப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் திரை. கயிறும் கப்பியும்கூட அவர் கைக்காசில் வாங்கியவை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த நாடகம் முழுவதும் மனப்பாடம். மேடையில் யாராவது வசனத்தை விட்டால் திரைக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுப்பது அவர்தான். இன்னொரு வேலையும் உண்டு. இராயப்பர், இப்போதைய பைபிளில் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்றாம் முறை சொன்னதும் சேவல் கூவ வேண்டும் அல்லவா, அந்தச் சேவல் அப்பா. வாயைக் கையால் பொத்தி, கழுத்தை நீட்டி அவர் கூவினால் ஊருக்குள் இருக்கும் நிஜச் சேவல்கள் பதில் கூவும்.

பத்து வருடத்துக்கும் மேல் இராயப்பராக நடித்த மேற்குத் தெரு ஆசிரியர் ஒருவர் இந்த ஆண்டு மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். இடம் காலி. ஜனவரியில் அப்பா போனில் சொன்னார்:

"ஏலே அப்பு, இந்த வருசம் இராயப்பரு நான் கேக்கப் போறேன்."

"குடுப்பாங்களாப்பா?"

"குடுக்காம? அம்புட்டு வசனமும் எனக்குத் தெரியும்ல. வேற எவனுக்குத் தெரியும்? நீ அம்புட்டுத் தொலைவு போய்ப் படிக்கிற. நான் இந்தா இருக்க மேடையில ஏற மாட்டனா?"

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. நான் விமானம் ஏறியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது.

3

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளிநாட்டு மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தது. மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர், பெரிய தேவாலயம், மதியம் நாடகம். அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் ஜெபமாலை முடிந்ததும் பாஸ்கா கமிட்டி கூடி வேடங்களைப் பிரிக்கும். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியம். போனை நொடிக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன்.

ஏறும்போது வருகைப் பதிவு. நாங்கள் விசாவில் இருப்பவர்கள், சுற்றுலா போனாலும் தலையை எண்ணித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் என் அப்பா பெயரை நான்கு துண்டாக உடைத்து, ஐந்தாவது துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். நான் கை தூக்கினேன்.

"ஒங்கப்பாரு வந்துட்டாருடோய்" என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த ரெமி.

ரெமிஜியுஸ் திண்டுக்கல் டவுன்காரன். அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள் எல்லோரும் ஆசிரியர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், முனைவர் பட்டத்துக்கு வந்திருக்கிறான். இங்கு வந்த முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் அவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் கோபமாக எழுதப்போகிறேன்.

தேவாலயத்துக்குள் போக டிக்கெட் கேட்டார்கள். சாமி கும்பிடப் போனாலுமா என்று ரெமி கேட்டதற்கு, பூசை நேரத்தில் இலவசம், இப்போது பூசை இல்லை என்றார்கள். உள்ளே போனதும் நான் நடுப்பாதையில் நேராக நடந்து முதல் வரிசையில் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தேன். ஜெபிக்கவில்லை. அந்த இருக்கை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். மரம்தான். ரெமி போட்டோ எடுத்தான். எதற்காக அங்கே உட்கார்ந்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

மதில் மேல் நடக்கும்போது வழிகாட்டி ஒரு கதை சொன்னார். பல நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த நாட்டு ஊர்களிலும் பாடுகளின் நாடகம் தெருத்தெருவாக வண்டியில் வைத்து நடக்குமாம். ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு காட்சி. ஆணி செய்பவர்கள் சிலுவையில் அறையும் காட்சியை நடத்துவார்களாம். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். நான் கை தூக்கி, "ஆணி செய்பவர் இயேசுவாக நடிக்கக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா?" என்று கேட்டேன். வழிகாட்டி ஒரு கணம் நின்று, "நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது" என்றார். இங்கே பதில் தெரியாத கேள்வி எல்லாமே நல்ல கேள்விதான்.

4

மதியம் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ரெமி எலுமிச்சம் சாதமும் வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் கட்டி வந்திருந்தான்.

"நாடகம் என்னன்னு பாத்தியா மாப்ள? பாஸ்காதான்டா. இந்த ஊர்க்காரங்களே சேந்து போடுறாங்களாம்" என்றான்.

"எங்க ஊர்லயும் போடுவாங்க" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஏலே! ஒங்க ஊரா அது? இம்புட்டு நாளா வடமதுரைன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? சின்னப் புள்ளையில எங்க மாமா கூட்டிட்டுப் போயிருக்காரு. ஒண்ணும் ஞாபகமில்ல, அந்தச் சேவல் மட்டும் ஞாபகம் இருக்கு. நெசச் சேவல்னு நெனச்சு மேடைக்குப் பின்னாடி தேடப் போய் அடி வாங்குனேன்டா!"

"அது எங்கப்பா."

"எது?"

"சேவல்."

ரெமி வாய்ச் சாதத்தோடு சிரித்தான். நானும் சிரித்தேன். கடல் தாண்டி வந்த இடத்தில் என் அப்பாவின் குரலைக் கேட்டிருந்த ஒருவன் கிடைத்தான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரை இழுப்பதையும் சொன்னேன், கயிறு கப்பியையும் சொன்னேன். அவன் சிரிப்பு மெல்ல நின்றது. உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டே கேட்டான்:

"அப்ப நீங்க கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நீ என்ன சாதி என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நிலத்தடி நீர்மட்டம் படிக்க உதவித்தொகை வாங்கி இவ்வளவு தூரம் வந்து, எவனோ கட்டிய ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி எலுமிச்சம் சாதத்தோடு வருகிறது. எட்டாயிரம் கிலோமீட்டரோ என்னவோ சொல்கிறார்கள், அது அந்தக் கேள்விக்கு ஒரு தூரமே இல்லை.

"கிழக்க" என்றேன். "தெரிஞ்சுக்கிட்டியா? இப்ப என்ன, டப்பாவத் தனியா வச்சிரவா?"

"டேய், நான் சும்மா கேட்டேன்டா."

"சும்மா கேக்குற கேள்வியா அது? நீ எந்தப் பக்கம்னு நான் என்னிக்காச்சும் கேட்டனா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அதிர்ந்தது. பிலோவின் குரல் பதிவு. அவள் பிளஸ் டூ படிக்கிறாள். அப்பாவோடு கோயில் மைதானத்துக்குப் போயிருந்திருக்கிறாள். மூச்சு வாங்கப் பேசியிருந்தாள்:

"அண்ணே, குடுக்கலண்ணே. அப்பா எந்திரிச்சு நின்னு அடக்கமாத்தான் கேட்டுச்சு. கமிட்டித் தலைவரு, 'ஏன்டா, நீ இராயப்பரு ஆயிட்டா சேவல் யாரு கூவுறது?'ங்குறாரு. எல்லாரும் ஒரே சிரிப்பு. இராயப்பரு வேசம் மில்லு சூப்பர்வைசர் மகனுக்காம். அவனுக்கு மீசையே ஒழுங்கா மொளைக்கல. அப்பா சிரிக்கவே இல்ல, சரின்னு மட்டும் சொல்லுச்சு. அப்பறம் கூப்புடுறேன்ணே."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ரெமியும் கேட்டான். அவன் டப்பாவை மூடினான்.

5

நாடக அரங்கம் சின்னது, ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபம் மாதிரி. டிக்கெட் உறைமேல் மிஸ்டர் போட்டு அப்பா பெயர் அச்சடித்திருந்தது, இருக்கை எண்ணோடு. வாசலில் ஒரு கையேடு கொடுத்தார்கள்.

அந்தக் கையேட்டைத்தான் நான் நாடகத்தைவிட அதிக நேரம் பார்த்தேன் என்று நினைக்கிறேன். நடிப்பவர்களின் பெயர், எதிரே அவர்கள் தொழில். இயேசு, பேருந்து ஓட்டுநர். பிலாத்து, ஒரு பெண், கண் மருத்துவர். இராயப்பருக்கு எதிரே ஒரு நைஜீரியப் பெயர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர். அது முடிந்த பிறகு விளக்கு, ஒலி, உடைக்குப் பொத்தான் தைத்தவர்கள், திரை, கடைசியாக இடைவேளையில் தேநீர் ஊற்றும் இரண்டு அம்மாள்களின் பெயர். தேநீர் ஊற்றுகிறவர்களின் பெயர்! அச்சில்!

இந்த நாட்டைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. போன மாதம் அறை பார்க்கப் போனபோது, போனில் காலி என்று சொன்ன அறை என் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரும் இந்த நாட்டுக்காரர்தான். இவர்களிடம் எனக்கு வேறு சண்டை இருக்கிறது. ஆனால் அன்று மேடையில் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

கடைசி இராவுணவுக் காட்சி வந்தது. பேருந்து ஓட்டுநர் மேலங்கியைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டார். ஒரு தகரப் பேசினில் தண்ணீர். வரிசையாகச் சீடர்களின் கால்களைக் கழுவிக்கொண்டு வந்து, இராயப்பரின் முன்னால் மண்டியிட்டார். அந்தத் துப்புரவுப் பணியாளரின் காலை எடுத்து மடியில் வைத்துக் கழுவினார். துடைத்தார். குனிந்து முத்தமிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடம் பாஸ்கா பார்த்தவன் நான், எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அப்பா இராயப்பர் ஆனால், இயேசு வேடம் போடும் மேற்குத் தெருப் பையன் அப்பாவின் காலைக் கழுவ வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்க, மைக் செட்டுக்காரர் போட்ட விளக்கு வெளிச்சத்தில், அந்தக் காலுக்கு முத்தம் கொடுக்க வேண்டும். சேவல் கூவ ஆளில்லை என்பதெல்லாம் பேச்சு. காரணம் அந்தப் பேசின். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சிரித்தே முடித்துவிட்டார்கள். கால் கழுவுவதைக் கற்றுக்கொடுக்கத்தானே அந்தக் காட்சியே இருக்கிறது? அதை வருடா வருடம் நடித்துக்கொண்டே அதை மறுக்க எப்படி முடிகிறது?

என் கன்னம் நனைந்திருந்தது. ரெமி பார்த்தான். அவனுக்கும் உறைத்துவிட்டது என்று அவன் திரும்பிக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

பிறகு இராயப்பர் மறுதலித்தார். சேவல் கூவியது. பதிவு செய்த சத்தம், ஒலிபெருக்கியில். ரெமி என் காதருகே குனிந்து, "இதெல்லாம் ஒங்கப்பா கால்தூசி பெறாது" என்றான். அவன் கேட்ட கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சிலுவையில் இயேசு உயிர்விட்டதும் விளக்குகள் அணைந்தன. எங்கோ ஒரு மரக்கட்டையைத் தட்டினார்கள். எங்கள் ஊரில் இந்த இடத்தில் இதே மாதிரி கட்டை தட்டியதும் திரை மெல்ல இறங்கும், மைதானம் முழுவதும் மணலில் முழங்கால் போடும். கட்டைச் சத்தம் கேட்டதும் என் முழங்கால் என்னைக் கேட்கவில்லை. இரண்டு வரிசைக்கு நடுவே இருந்த சாண் இடைவெளியில் நான் முழங்காலில் இருந்தேன். முன் இருக்கையில் என் நெற்றி மோதியது. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் துள்ளித் திரும்பினாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ரெமியும் முழங்காலில்.

அரங்கம் முழுக்க மனிதர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது வரிசையில் மட்டும் நாங்கள் இருவர் காணாமல் போயிருந்தோம். டார்ச் விளக்கோடு அரங்கப் பணிப்பெண் குனிந்து ஓடி வந்து, உடம்புக்கு முடியவில்லையா, மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்று கிசுகிசுத்தாள். ரெமி அவளை நிமிர்ந்து பார்த்து, "நாங்கள் திண்டுக்கல்" என்றான். அதைவிட விளக்கம் வேறு எதுவும் தேவையில்லை என்கிற மாதிரி.

அவள் எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

6

வெளியே வந்ததும் பேருந்து வர அரைமணி இருந்தது. ரெமி என்னிடம் நேராக வந்தான்.

"எங்க சின்ன மாமா சாமியாரா இருக்காரு தெரியும்ல? ஒங்க பங்குச் சாமியாரு அவரு கூடப் படிச்சவரு. ஒரு போன் போட்டாப் போதும். ஒங்கப்பாதான் இராயப்பரு."

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இருவத்திரண்டு வருசம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கவருக்கு ஒங்க மாமா சிபாரிசு வேணுமா? ஒன் போனு போனாத்தான் எங்கப்பா கால் சுத்தமாகுமா?"

"நான் என்னதான்டா செய்யணும்ங்குற? கேட்டாலும் தப்பு, செஞ்சாலும் தப்பு."

"கேக்காம இருந்திருக்கலாம்."

அவன் கையேட்டைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குச்சியாக்கிவிட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்தச் சேவலத் தேடிப் போனேன்னு சொன்னேன்ல. ஒரு ஆளு திரைக்குப் பின்னாடி நின்னு கூவிக்கிட்டு இருந்தாரு. பாத்தேன். இத்தன வருசமா அந்தக் கதையச் சொல்றேன், எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன். அந்த ஆளு யாருன்னு ஒருதரங்கூட நான் கேக்கலடா."

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம்.

வழியில் அப்பாவைக் கூப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. இராயப்பரு இல்லன்னுட்டாங்க. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டியா?"

"ஆமா. அப்பறம் மேடைக்குப் போயி கயித்தையும் கப்பியையும் அவுத்துக்கிட்டு வந்துட்டேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மணி அடிக்கிற கோயில்பிள்ளைய அனுப்பி விட்டாங்க. 'என்ன மாமா, கயித்தக் குடுங்க, ஒத்திகை இருக்கு'ங்குறான். கயிறு என்னுது, திரை ஒங்களுது, ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம்னு சொல்லி விட்டேன்." அப்பா சோற்றை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "இராயப்பரு குடுக்காட்டிப் போகுது. நோட்டீஸுல எம் பேரப் போடட்டும். திரை இழுக்குறவன்னு போடட்டும். சேவல்னு போடட்டும், எனக்கு வெக்கமில்ல. பேரப் போட்டா வாரேன். மைக் செட்டுக்காரன் பேரு இருக்கு, பந்தக்காரன் பேரு இருக்கு, டோப்பா முடி வாடகைக்கு விடுறவன் பேரு போன் நம்பரோட இருக்கு. இருவத்திரண்டு வருசமா எம் பேருக்கு மட்டும் எடமில்லையா?"

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். நோட்டீஸை ஒவ்வொரு வருடமும் என்னிடமோ பிலோவிடமோ கொடுத்து முழுவதும் வாசிக்கச் சொல்வார். கடைசி வரி வரை கேட்பார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு அன்று வரை தெரியாமல் போனதே என்பதை நினைத்தால் என் படிப்பின் மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

7

செவ்வாய்க்கிழமை வந்தது அந்த நோட்டீஸ். மஞ்சள் தாள், நீல எழுத்து. பெரிதாக்கி வரி வரியாகப் படித்தேன். இராயப்பர் பெயர் இருக்கிறது. டோப்பாக்காரர் இருக்கிறார். ஜெனரேட்டர் கொடுப்பவர் இருக்கிறார். நன்கொடையாளர்கள் பதினெட்டுப் பேர். கடைசிக்கு முந்தின வரியில்: "திரை மற்றும் சேவல் ஓசை: இளைஞர் மன்றத்தினர்."

ஆக, இடம் இருந்திருக்கிறது. சேவலுக்கு ஒரு வரி ஒதுக்க அவர்களால் முடிந்திருக்கிறது, அப்பா இல்லாத சேவலாக இருந்தால் போதும். இருபத்திரண்டு வருடம் இல்லாத வரி, அவர் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்ட பிறகு, அவர் பெயர் வராமல் இருப்பதற்காகவே முளைத்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிலோதான் அவருக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாராம். பிறகு மில்லுக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். இளைஞர் மன்றத்தினர் புது நைலான் கயிறு வாங்கியிருக்கிறார்களாம், திரை பாதியில் சிக்கி நிற்கிறதாம், சேவல் சத்தத்தை போனில் இறக்கி வைத்திருக்கிறார்களாம். அப்பாவின் கயிறு எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது. பாஸ்காவுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவர் போகப் போவதில்லை. நோட்டீஸை அடிக்கும் முன் கமிட்டியில் ஒருவர் நேரில் வந்து கூப்பிட்டிருந்தால்கூடப் போயிருப்பார். அந்த அளவுக்கு அந்த நாடகம் அவருடையது.

நான் செய்யக்கூடியது இதை எழுதுவது ஒன்றுதான். நேற்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன், உங்கள் பெயரையும் விட்டுவிடட்டுமா, வம்பு வேண்டாமே என்றேன்.

"ஊர்ப் பேரு வேணாம்ப்பா. பொம்பளப் புள்ள தெனம் மேக்குத் தெரு வழியாத்தான் பள்ளிக்கொடம் போகுது."

"உங்க பேரு?"

பின்னால் மில் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எம் பேர எதுக்கு மறைக்கணும்? நான் என்ன களவாண்டனா? அங்கதான் எல்லாக் கடுதாசியிலயும் எம் பேரு வருதுன்னு சொன்னியே. நாடகச் சீட்டுல கூட வந்துச்சுன்னியே. பாக்குறவன் சீட்டுல வந்துச்சு. நடத்துறவன் சீட்டுல வரட்டும். முழுசாப் போடு. எங்கப்பன் மரியந்தோணி எழுத்தையும் சேத்துப் போடு. போட்டுட்டுப் பிலோவுக்கு அனுப்பு, வாசிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

பிலோ, இதை மெதுவாக வாசி. கடைசி வரியை இரண்டு தடவை வாசி.

திரை, கயிறு, கப்பி, சேவல்: ம. சவரிமுத்து.